பின்னணியே வேண்டாம்னு சொன்ன போட்டோகிராபர்!

நாம 'போர்ட்ரெய்ட் மோட்'ல பின்னணியை மங்கலாக்குறோம். அமெரிக்க போட்டோகிராபர் ரிச்சர்ட் அவெடன் அதை மொத்தமா எடுத்துட்டார்.

பாரிஸ் தெருக்கள்ல மாடல்களைத் துள்ளவிட்டு ஃபேஷன் படங்கள் எடுத்தவர் அவர். 1979 முதல் 1984 வரை அமெரிக்க மேற்கில் சுரங்கத் தொழிலாளர்கள், லாரி டிரைவர்கள், நாடோடிகளை எடுத்தபோது வெள்ளைத் தாளும், நிழலான இடமும், 8-க்கு 10 இன்ச் ஃபிலிம் போடும் பெரிய கேமராவும் போதுமானதா இருந்துச்சு. கேமராவுக்குப் பின்னாடி ஒளியாம, லென்ஸுக்குப் பக்கத்துல நின்னு நேருக்கு நேர் பார்த்தார். அந்தப் படங்கள்ல சிரிப்பு அபூர்வம்.

'உழைக்கிற மக்களை இரக்கமில்லாம காட்டிட்டார்'னு விமர்சனம் வந்தது. அதுல நியாயம் இருக்கு. ஊரையும் வீட்டையும் நீக்கிட்டா, எந்த முகபாவம் மிஞ்சணும்னு முடிவு பண்றது போட்டோகிராபர்தானே? ஆனா, சட்டையில படிஞ்ச கரியும் எண்ணெயும் மட்டும் அவங்க வேலையைச் சொல்லிடுது.