ஒரு மணி நேரக் கரண்ட்

நிசான் லீஃப் என்ற மின்சாரக் கார் வைத்திருக்கும் நம்ம லீஃப்காரரைச் சென்ற வாரம் எங்கே விட்டோம்? திகனச் சந்தியில். பெற்றோல் ஷெட் வரிசையைச் சத்தமே இல்லாமல் கடந்து போனார். வரிசையில் நின்றவர்களைப் பார்த்துக் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தார்.

அந்தச் சிரிப்புக்குக் கணக்குத் தீர்க்கும் இரவு இதோ வந்துவிட்டது. 2022 மார்ச் 31.

நாடு முழுக்க 13 மணி நேர மின்வெட்டு. டீசல் வாங்க டொலர் இல்லை. நீர்த்தேக்கங்களும் வற்றிக் கிடந்தன. திகனக்காரர்களுக்கு இதில் தனி எரிச்சல். அன்றைய பிரித்தானியப் பிரதமர் தாட்சர் அம்மையார் வந்து திறந்துவைத்த விக்டோரியா அணை பக்கத்திலேயே இருக்கிறது. 210 மெகாவாட் எடுக்கலாம். ஆனால் அணைக்கட்டு ஊரிலும் குப்பி விளக்குதான்!

மிரிஹானவில் அன்றைய ஜனாதிபதி வீட்டுக்கு முன்னால் அன்றிரவு நடந்த ஆர்ப்பாட்டம் உங்களுக்குத் தெரியும். நாம் திகனயை விட்டு நகர வேண்டாம்.

கரண்ட் வந்தது.

அடுத்த மின்வெட்டுக்கு இன்னும் ஒரு மணி நேரம்.

லீஃப்காரர் ஓடினார். அவருடையது ஜப்பானில் ஓடி, வரி மலிவாக இருந்த காலத்தில் இங்கே வந்து இறங்கிய கார். 24 கிலோவாட் மணி பட்டரி. புதிதில் நூறு கிலோமீற்றருக்கு மேல் ஓடியது. இப்போது பட்டரியின் வலுவைக் காட்டும் 12 பாரில் நாலைந்து போய்விட்டன. வீட்டுப் பிளக்கில் முழுதாக ஏற்ற ஒரு ராத்திரி வேண்டும். ஒரு மணி நேரத்தில் ஏறுவது சுமார் 15 கிலோமீற்றருக்குத்தான் காணும். கண்டிக்குப் போக அது போதும். திரும்பி வர?

"முதல்ல தண்ணி மோட்டரப் போடுங்க. டாங்கியில ஒரு சொட்டு இல்ல" என்றார் மனைவி.

"காலையில வேலைக்குப் போகணுமே!"

"குளிக்காமலா போவீங்க?"

நியாயமான கேள்வி. அவர் புத்திசாலித்தனமாக ஒன்று செய்தார். காரையும் செருகினார், மோட்டரையும் போட்டார். அந்தப் பக்கம் ரைஸ் குக்கரும் கொதிக்கத் தொடங்கியது.

டப்!

ட்ரிப் சுவிட்ச் விழுந்தது. வீடு மறுபடி இருட்டு.

தடவித் தடவிப் போய் சுவிட்சைத் தூக்கிவிட்டு வருவதற்குள் நிமிடங்கள் பறந்தன. கடைசியில் மோட்டர் ஜெயித்தது. டாங்கி நிரம்பிய பிறகுதான் காருக்கு முறை வந்தது. டாஷ்போர்டில் முதல் நீல விளக்கு மினுங்கியது. இரண்டாவது எரிவதற்குள் கரண்ட் போய்விட்டது.

ஷெட்டில் நிற்க வேண்டிய வரிசையில் அவர் வீட்டுக்குள்ளேயே நின்றார், அவ்வளவுதான். அங்கேயும் டொலர் இல்லாததால் பெற்றோல் இல்லை, இங்கேயும் டொலர் இல்லாததால் கரண்ட் இல்லை.

மதிலுக்கு அப்பால் ஒருவர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். டொயோட்டா அக்குவா ஹைபிரிட் கார் வைத்திருக்கும் அக்குவாக்காரர்.

"நம்ம ஹைபிரிட்டுக்குப் பிளக்கே வேணாம். அதுவே கரண்ட் எடுத்துக்கும்" என்பது அவருடைய பழைய பாட்டு. சில மாதத்தில் அவருடைய காலமும் வந்தது. எரிபொருளைப் பங்கிட வந்த கியூஆர் முறையில் காருக்கு வாரம் 20 லீற்றர். பழைய கார்க்காரர்கள் 200 கிலோமீற்றருக்கே திண்டாட, இவர் ஏறக்குறைய இரட்டிப்பு தூரம் ஓடினார். ஊரில் ராஜா!

அந்த மிதப்பில்தான் குடும்பத்தோடு மஹியங்கனைக்குக் கிளம்பினார். வழியில் பதினெட்டு வளைவு மலைப்பாதையில் இறங்கும்போது பிரேக் பிடிக்கப் பிடிக்கப் பட்டரி ஏறுவதை மச்சானுக்குக் காட்ட வேண்டும். ஆசை அதுதான்.

தெல்தெனிய தாண்டியது. ஹுன்னஸ்கிரிய ஏற்றம். காரில் ஐந்து பேர். நல்ல வெயில். பின்சீற்றில் திணித்த பை, பட்டரிக்குக் காற்றுப் போகும் துவாரத்தை அடைத்துக்கொண்டிருந்தது. யாரும் கவனிக்கவில்லை.

பட்டரியோ பத்து வயது தாண்டியது. புதியது இறக்க நாட்டில் டொலர் இல்லை.

பாதி ஏற்றத்தில் கார் இழுக்க மறுத்தது. டாஷ்போர்டில் பளிச்சென்று ஒரு சிவப்பு முக்கோணம்.

"இது என்ன மச்சான்?"

(அடுத்த வாரம்)