பதிவேட்டில் ஒரு பெயர்

இறந்தோரைப் பெயர் சொல்லி நினைவுகூர்வது நம் திருச்சபையின் தொன்மையான வழக்கம். நவம்பர்த் திங்களில் பலிபீடத்தின் அருகே வைக்கப்படும் பெயர்ப் பட்டியல்களை நாம் அறிவோம். ஆனால், தம் பெயரே எழுதப்படாத காலத்தில் பிறந்த ஒரு மனிதரை எவ்வாறு தேடுவது? எவ்வாறு நினைவுகூர்வது? இக்கேள்வி வரலாற்று ஆய்வாளரையும் விசுவாசியையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறது.

அமெரிக்க நாட்டில் 1850, 1860 ஆகிய ஆண்டுகளில் எடுக்கப்பட்ட மக்கள் கணக்கெடுப்பில் அடிமைகளுக்கெனத் தனி அட்டவணை இருந்தது. உடைமையாளரின் பெயர் மேலே. அதன் கீழே வயது, பால், நிறம் ஆகியவை மட்டுமே வரிசையாக எழுதப்பட்டன. மிகச் சில விதிவிலக்குகள் தவிர, அடிமையின் பெயருக்கு அங்கே இடமில்லை. கறுப்பின மக்கள் அனைவரும் தத்தம் பெயரோடு கணக்கெடுப்பில் தோன்றியது 1870ஆம் ஆண்டில்தான். ஆகவே, அம்மக்களுள் ஒருவரது வாழ்க்கையைத் தேடி பின்னோக்கிச் செல்பவர், அந்த ஆண்டை அடைந்ததும் ஒரு மதிற்சுவரில் முட்டிக்கொண்டவர்போல் நின்றுவிடுகிறார்.

அச்சுவரில் சில சாளரங்கள் உண்டு. அவற்றுள் ஒன்று இராணுவப் பதிவேடு.

குதிரைப்படையில் ஒருவர்

உள்நாட்டுப் போர் முடிந்த மறு ஆண்டு, 1866இல், அமெரிக்க நாடாளுமன்றம் கறுப்பின வீரர்களுக்கென ஆறு படைப்பிரிவுகளை உருவாக்கியது. ஒன்பதாம், பத்தாம் குதிரைப்படைகள் அவற்றுள் இரண்டு. வீரர்கள் கறுப்பர், அதிகாரிகளோ வெள்ளையர். ஐந்தாண்டுப் பணிக்கு ஒப்பமிட்ட வீரருக்குத் திங்களுக்குக் கிடைத்த ஊதியம் 13 டாலர். ஒவ்வொரு கறுப்பினப் படைப்பிரிவுக்கும் ஒரு குருவானவர் நியமிக்கப்பட்டு, வீரர்களுக்கு எழுத்தறிவிப்பதும் அவரது கடமையாக அச்சட்டத்திலேயே வகுக்கப்பட்டிருந்தது. கல்வி கற்பது குற்றமென்று பல மாநிலங்களில் விதிக்கப்பட்டிருந்த மக்களுக்கு இது சிறிய செய்தியன்று.

அவ்வாண்டில் லூயிசியானா மாநிலத்தில் ஒன்பதாம் குதிரைப்படையில் சேர்ந்தவர் எமானுவேல் ஸ்டான்ஸ். ஐந்தடி உயரத்தை ஒருவாறு எட்டிய சிறிய உருவம். அம்மாநிலத்தில் மாவட்டத்தைப் 'பாரிஷ்', அதாவது 'பங்கு', என்றே அழைக்கின்றனர். கத்தோலிக்க ஆட்சிக் காலத்தின் எச்சம் அது. கரோல் பங்கில் பிறந்தவர் என்று இவரைக் குறித்துள்ளனர். சேர்ந்தபோது வயது 19 எனச் சொல்லியதாகத் தெரிகிறது. அப்படியானால் பிறந்த ஆண்டு 1847. வேறு குறிப்புகளோ 1843 என்கின்றன. பெயர்கூட ஓரிடத்தில் எமானுவேல், மற்றோரிடத்தில் எட்மண்ட். அடிமையாய்ப் பிறந்தவருக்குப் பிறந்த நாளை யார் குறித்து வைத்தார்கள்? எழுத்தர் கேட்டார், இளைஞர் தமக்குத் தோன்றியதைச் சொன்னார், காதில் விழுந்தவாறு எழுத்தர் எழுதிக்கொண்டார். பிழைபோல் தோன்றும் இந்த வேறுபாடே, அவரது தொடக்கக் கால வாழ்வைக் குறித்து நமக்குக் கிடைக்கும் உண்மையான சான்று.

1870ஆம் ஆண்டு மே 20. டெக்சாஸ் மாநிலத்தின் மெக்காவெட் கோட்டையிலிருந்து, சார்ஜன்ட் ஸ்டான்ஸ் ஒரு சிறு குழுவுக்குத் தலைவராகப் புறப்பட்டார். அதற்கு நான்கு நாள் முன்னர், ஜெர்மானியக் குடியேறிகளின் பிள்ளைகளான ஹெர்மன் லேமன், வில்லி லேமன் என்னும் சிறுவர் இருவரை அப்பாச்சே இனத்தவர் கவர்ந்து சென்றிருந்தனர். கிக்காப்பூ ஊற்றுகளின் அருகே அப்பூர்வகுடியினரை ஸ்டான்ஸின் குழு இரு நாள்களில் பலமுறை எதிர்கொண்டு விரட்டியது. அந்தக் குழப்பத்தில்தான் சிறுவன் வில்லி கைவிடப்பட்டு வீடு திரும்பினான் என்பது ஆய்வாளர் கருத்து. ஹெர்மனோ ஏறத்தாழ எட்டாண்டுகள் அம்மக்களோடேயே வளர்ந்தான். திரும்பி வந்தபோது அவனுக்குத் தன் தாயின் வீடு அந்நியமாய் இருந்தது.

இச்செயலுக்காக ஸ்டான்ஸுக்கு 'மெடல் ஆஃப் ஆனர்' என்னும் மிக உயர்ந்த வீரப் பதக்கம் வழங்கப்பட்டது. உள்நாட்டுப் போருக்குப் பின் அதனைப் பெற்ற முதல் கறுப்பின வீரர் அவர். சான்றிதழில் அவரது வீரத்தைச் சொல்ல ஒரு வரியே போதுமென்று கருதியிருக்கின்றனர். ஆனால், அந்நாள்களின் நிகழ்ச்சிகளை விவரிக்கும் அவரது அறிக்கையும், பதக்கத்துக்கு நன்றி கூறும் கடிதமும் எஞ்சியுள்ளன. அவர் குரலை நாம் கேட்பது பெரும்பாலும் அங்கு மட்டுமே.

புகழும் பழியும்

இத்துடன் நிறுத்திக்கொண்டால் அழகிய வீரவரலாறு ஒன்று நமக்குக் கிடைத்துவிடும். ஆனால் ஆவணங்கள் நிற்கவில்லை. இராணுவ நீதிமன்றப் பதிவுகளிலும் அதே பெயர் வருகிறது: குடிபோதை, சண்டை, பதவியிறக்கம். சார்ஜன்ட் பட்டையை இழந்து, மீண்டும் உழைத்துப் பெற்று, மறுபடியும் இழந்த மனிதர் அவர். இறுதியில் தம் படைப்பகுதியின் முதல் சார்ஜன்ட்டாக உயர்ந்தார். அப்பொறுப்பில் அவர் கடுமை மிக்கவராக இருந்தார் என்கின்றனர்.

1887ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு நாளன்று, நெப்ராஸ்கா மாநிலத்தில் கிராஃபோர்டு என்னும் சிற்றூரிலிருந்து ராபின்சன் கோட்டைக்குச் செல்லும் சாலையில், குண்டடிபட்டு இறந்து கிடந்தார். அவரது கீழிருந்த வீரர்களே கொன்றிருக்கக்கூடும் என்ற ஐயம் எழுந்தது. எவரும் தண்டிக்கப்படவில்லை. அமைதியின் அரசர் பிறந்த நாளில், தம் இனத்தவர் கையாலேயே ஒரு மனிதர் வீழ்ந்தார் என்றால், அதைக் காட்டிலும் துயரமான முடிவு வேறு யாது?

இன்னொரு துயரமும் இங்கே உண்டு. ஸ்டான்ஸ் இறந்து கிடந்த சாலை சென்றடையும் அதே ராபின்சன் கோட்டையில்தான், பத்தாண்டுகளுக்கு முன், 1877இல், லகோட்டா மக்களின் தலைவர் கிரேசி ஹார்ஸ் சிறைவைக்க முற்பட்டபோது குத்திக் கொல்லப்பட்டார். நிலத்தை இழந்துகொண்டிருந்த மக்களை அடக்க, விடுதலையை அப்போதுதான் பெற்றிருந்த மக்களை அரசு அனுப்பியது. ஒடுக்கப்பட்டவர் கையில் வாளைக் கொடுத்து மற்றோர் ஒடுக்கப்பட்டவரை வெட்டச் செய்வது ஆதிக்கத்தின் பழைய தந்திரம். ஸ்டான்ஸின் வீரத்தை மறுக்காமலேயே இதனையும் நாம் சொல்லியாக வேண்டும். பதக்கம் ஒன்றே மனிதரன்று; குற்றப்பதிவு ஒன்றே மனிதரன்று.

நம் பதிவேடுகளும்

மற்றவர் குற்றத்தைப் படிக்கும்போது நம் வீட்டையும் நோக்குதல் நேர்மை. லூயிசியானாவில் 1724ஆம் ஆண்டின் சட்டம், அடிமைகளுக்குத் திருமுழுக்கு அளிக்க வேண்டுமெனக் கட்டளையிட்டது. அதனால் அங்குள்ள பழைய பங்குகளின் திருமுழுக்குப் பதிவேடுகளில், அரசு எழுத மறுத்த பெயர்கள் எழுதப்பட்டுள்ளன. அதே வேளையில், 1838இல் மேரிலாந்து இயேசு சபையார் 272 அடிமைகளை விற்றனர். அவர்களுள் பெரும்பாலோர் லூயிசியானாவுக்கு அனுப்பப்பட்டனர். கிடைத்த தொகையில் ஒரு பகுதி, ஜார்ஜ்டவுன் கல்லூரியின் கடனை அடைக்கப் பயன்பட்டது. அம்மக்களின் வழித்தோன்றல்களை அண்மைக் காலத்தில் அடையாளம் காண உதவியவை, சபையார் வைத்திருந்த பட்டியல்களும் பங்குப் பதிவேடுகளுமே. 2017இல் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகமும் இயேசு சபையாரும் அவ்வழித்தோன்றல்கள் முன்னிலையில் மன்னிப்புக் கோரினர். விற்றவர் கை எழுதிய பட்டியலே, உறவைத் தேடுவோர் கைக்கு விளக்காயிற்று. அந்த விளக்கின் ஒளியில் முதலில் தெரிவது நம் கறையே.

அமெரிக்க இராணுவத்தில் நிற அடிப்படையிலான பிரிவினைக்கு முடிவுகட்டும் ஆணையை அதிபர் ட்ரூமன் பிறப்பித்தது 1948இல். ஸ்டான்ஸ் இறந்து 60 ஆண்டுகளுக்கு மேல் கடந்த பின். அவரது கல்லறை நெப்ராஸ்காவின் மெக்ஃபர்சன் தேசியக் கல்லறைத் தோட்டத்தில் உள்ளது.

ஆய்வு என்பது இறந்தவர்மீது தீர்ப்பெழுதும் பணி என்று சிலர் எண்ணுகின்றனர். அது அன்று. தீர்ப்பு ஆண்டவருக்குரியது. சிதறிக் கிடக்கும் வரிகளைப் பொறுமையோடு சேர்த்து, 'இப்படி ஒருவர் இருந்தார்; இவை அவர் செய்தவை; இவை அவருக்குச் செய்யப்பட்டவை' என்று உண்மையைக் கூறுவதே நமக்குரியது. வரும் நவம்பரில் நம் பங்கின் பட்டியல் வாசிக்கப்படும்போது, எழுத்தர் தவறாய் எழுதிய பெயர்களையும், எவரும் எழுதாமல் விட்ட பெயர்களையும் எண்ணிக் கணநேரம் மௌனமாய் நிற்போம். அப்பெயர்களைப் பிழையின்றி அறிந்தவர் ஒருவர் உண்டு.