குடியிருப்போரே பேசிய படம்

ஆவணப்படத்தால் சமுதாயத்தை மாற்ற இயலும் என்னும் நம்பிக்கை வேரூன்றிய காலத்தை ஆராயும்போது, 1935ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் உருவான 'ஹவுசிங் பிராப்ளம்ஸ்' என்னும் குறும்படத்தை நாம் கடந்து செல்ல இயலாது. ஆர்தர் எல்டனும் எட்கர் ஆன்ஸ்டியும் எடுத்த அப்படம் ஏறத்தாழக் கால் மணி நேரமே ஓடும். இலண்டனின் ஸ்டெப்னி வட்டாரத்தில், எலியும் பூச்சியும் மண்டிய பாழ்வீடுகளில் வாழ்ந்த உழைப்பாளர் குடும்பங்களே அதன் பொருள்.

ஏழையரைக் காட்டிய படங்களில் அந்நாள்வரை பெரும்பாலும் பேசியவர் வருணனையாளரே. இங்கோ குடியிருப்போர் தம் அறையிலேயே இருந்து, படக்கருவியை நோக்கித் தாமே பேசினர். வீட்டினுள் புகுந்த எலியைப் பற்றி ஒரு பெண்மணி, அண்டை வீட்டாரிடம் சொல்வதுபோல் விவரிக்கிறார். அம்மக்களின் கூச்சத்தைப் போக்கிப் பேசவைத்ததில் ரூபி கிரியர்சனுக்குப் பெரும்பங்கு உண்டு. இயக்குநர்களை நினைவிற்கொள்ளும் நாம் அவரை எளிதில் மறந்துவிடுகிறோம்.

படத்திற்குப் பொருளுதவி செய்தது எரிவாயுத் தொழிலார் சங்கம். பாழ்வீடுகள் இடிந்து புதிய அடுக்குமாடிகள் எழுந்தால் எரிவாயு அடுப்பும் விற்குமன்றோ! அதனாற்றான் புதுக் குடியிருப்புகளின் மாதிரிகளும் படத்தில் இடம்பெற்றன. துயரைச் சொல்லும் உரிமை மக்களுக்குக் கிடைத்தது. தீர்வை விளக்கும் பொறுப்போ பெரிதும் நகர்மன்றத்தார், வல்லுநர் குரல்களிடமே விடப்பட்டது.