கியருக்குத் தடை போட்ட பந்தயம்

நம் பேஸ்மெண்ட் பார்க்கிங்கில் கியர் சைக்கிள்கள் கூடிக்கொண்டே போகின்றன. அந்த கியரையே இளக்காரமாகப் பார்த்த காலம் ஒன்று இருந்தது.

பிரான்சில் 1903-இல் தொடங்கிய டூர் டி பிரான்ஸ் பந்தயம், 1910-இல் பைரனீஸ் மலையின் பெரிய கணவாய்களில் ஏறியது. அதில் தூர்மலே கணவாயின் உயரம் 2,115 மீட்டர். அந்தக் கால சைக்கிளின் பின்சக்கரத்தில் பக்கத்துக்கு ஒரு பல்சக்கரம் இருக்கும்: சமதளத்துக்குச் சிறியது, ஏற்றத்துக்குப் பெரியது. மாற்ற வேண்டுமானால் இறங்கி, சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்ட வேண்டும். சீக்கிரம் இறங்கினால் நேரம் போகும். தாமதித்தால் பாதி ஏற்றத்தில் கால் ஓய்ந்துவிடும். இன்றும் பாதிக் கணக்கு அதுதான். ஏற்றத்தில் அழுத்தி மிதிக்கும்போது மாற்றினால் செயின் நறநறக்கும். ஏற்றம் தொடங்குமுன்பே மாற்றிவிடுங்கள்.

ஓட்டிக்கொண்டே மாற்றும் கருவிக்காக, செந்த் எத்தியென் நகரத்துப் பால் டி விவி, 'வெலோசியோ' என்ற பெயரில் தம் பத்திரிகையில் ஓயாமல் வாதாடினார். பந்தய அமைப்பாளர் ஆன்றி டெக்ரான்ஜ் அசையவில்லை. வயதானவர்களுக்குத்தான் கியர், வீரனுக்குக் கால் போதும் என்பது அவர் கட்சி. அவரும் 1893-இல் ஒரு மணி நேரத்தில் 35 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிச் சாதனை படைத்தவர்தான். ஆனால் அது மேடில்லாத ஓட்டப்பாதையில்!

முன்னணி வீரர்களுக்கு அந்தக் கருவி 1937-இல்தான் அனுமதிக்கப்பட்டது. அவ்வாண்டே அதைப் பூட்டி ஓட்டிய ரோஜர் லப்பெபி வென்றார். வெலோசியோ அதைப் பார்க்கவில்லை. 1930-இல் டிராம் மோதி இறந்துவிட்டார். அவர் ஊருக்கு மேலே உள்ள கணவாயில் அவருக்கு ஒரு நினைவுச்சின்னம் நிற்கிறது.