உப்பு வண்டியில் வந்த பிள்ளைகள்



என்னிடம் படித்த ஒருவர் இந்த விடுமுறையில் குடும்பத்தோடு காரிலேயே ராஜஸ்தான் போய், ஜெய்சல்மேர் பக்கம் மணலில் கூடாரம் போட்டுத் தங்கிய படங்களை அனுப்பியிருந்தார். கூடவே அவருடைய மகளின் கேள்வியும் வந்தது. நம்ம ஊர்ப் பக்கம் பாலைவனம் உண்டா, அந்தக் காலத்துப் பிள்ளைகள் இந்த மாதிரி அப்பா அம்மாவோடு போயிருக்கிறார்களா என்று கேட்டிருந்தாள். போனில் சொன்னால் முடியாது. எல்லோருக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

பாலை என்றால் மணல்மேடு மட்டும் என்று நினைக்க வேண்டாம். தமிழில் பாலைக்குத் தனி நிலம் கிடையாது. மழை பொய்த்து வெயில் முற்றும்போது முல்லைக் காடும் குறிஞ்சி மலையும் தம் இயல்பு கெட்டுப் பாலையாகிவிடும் என்று சிலப்பதிகாரம் விளக்கம் சொல்கிறது. நம் கொங்கு நாட்டுக்காரர்களுக்கு இது எளிதில் புரியும். மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவமழையைத் தடுத்துவிடுகிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வருமே தவிர, மழை கொஞ்சம்தான். மாநிலத்தின் சராசரி ஆண்டு மழை 900 மில்லிமீட்டருக்கு மேல். கோவைக்கு 700 கிடைத்தாலே பெரிய விஷயம். காங்கயம், தாராபுரம் பக்கம் சித்திரையில் ஒரு கொறங்காட்டைப் போய்ப் பாருங்கள். கிளுவை வேலி மொட்டையாக நிற்கும், கொழுக்கட்டைப் புல் சருகாகிக் கிடக்கும், வெள்வேல மரத்தடியில் மட்டும் கையகல நிழல் இருக்கும். பாலையைத் தேடி ஜெய்சல்மேர் வரை போக வேண்டியதில்லை.

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். பிள்ளைகள் போயிருக்கிறார்களா? போயிருக்கிறார்கள். சுற்றுலாவாகப் போகவில்லை, பிழைப்புக்காகப் போனார்கள். அவர்களின் அப்பா அம்மாவுக்குச் சங்க நூல்கள் வைத்திருக்கும் பெயர் உமணர். உப்பு வணிகர்கள்.

கொங்கு நாட்டில் என்ன இல்லை? இரும்பு இருந்தது, படியூரில் பச்சைக்கல் இருந்தது, கொடுமணலில் மணி செய்யும் பட்டறை இருந்தது. கடல் இல்லை. கடல் இல்லாத ஊரில் உப்பு விளையாது. மனிதருக்கும் வேண்டும், மாட்டுக்கும் ஆட்டுக்கும் வேண்டும். உள்நாட்டில் இருந்த எந்த ஊருக்கும் இதுதான் கதை. கடற்கரையில் நெல்லுக்கு உப்பு மாற்றி, வண்டியில் ஏற்றி, வறண்ட வழி கடந்து யாரோ ஒருவர் கொண்டு வந்தால்தான் அன்றைக்குச் சோறு வாய்க்கு விளங்கும். உப்பும் நெல்லும் சரிக்குச் சரி அளந்து மாற்றப்பட்டதை அகநானூறு சொல்கிறது.

அந்த வண்டி எப்படி இருந்தது? கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை அதைப் பார்த்துப் பார்த்துச் சொல்கிறது. அது காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன்மேல் பாடியது, கொங்கு நாட்டுப் பாட்டு அல்ல. ஆனால் உப்பு வண்டி எல்லா நாட்டுக்கும் பொது. அந்த வண்டியில் கோழி அடையும் கூடு இருக்கிறது. சின்ன உரல் ஒன்று கட்டித் தொங்குகிறது. காடி வைத்த பானை கயிற்றில் ஆடுகிறது. ஆண்கள் வேப்பந்தழை மாலை போட்டுக்கொண்டு பக்கத்தில் நடக்கிறார்கள். மாட்டை ஓட்டுவது யார் தெரியுமா? கைக்குழந்தைக்காரியான அம்மா. வீட்டை வீட்டில் விட்டுவிட்டுப் போன வியாபாரம் இல்லை இது. வீடே சக்கரத்தில் ஏறிவிட்டது.

அந்தப் பிள்ளையின் கண்ணால் ஒரு நிமிடம் பாருங்கள். அதற்கு ஊர் என்றால் வண்டிக்கூடு. முற்றம் என்றால் அன்றைக்கு மாடு அவிழ்த்த இடம். நேற்றுக் குளித்த குளம் இன்றைக்கு இருக்காது. இரவு மூன்று கல்லைக் கூட்டி அம்மா உலை வைப்பாள். காலையில் கல் அங்கேயே கிடக்கும், வண்டி போய்விடும். உமணர் விட்டுப் போன அந்த அடுப்புக் கல்லில் பின்னால் வந்த மழவர் இறைச்சி சமைத்ததை ஓர் அகநானூற்றுப் புலவர் சொல்கிறார்.

விளையாட்டும் உண்டு. நல்லூர் நத்தத்தனாரின் சிறுபாணாற்றுப்படையில், உமணர் தங்கள் பிள்ளை போலவே வளர்த்த ஒரு பெண் குரங்கு வண்டிகளோடு வருகிறது. கொற்கைக் கரையில் அது கிளிஞ்சலுக்குள் முத்தைப் போட்டு மூடி, அந்த வீட்டுக் குழந்தைகளோடு சேர்ந்து கிலுகிலுப்பை ஆட்டி விளையாடுகிறது. ராஜாக்கள் கழுத்தில் போட்ட முத்து, இந்தப் பிள்ளைகளுக்குக் கிலுகிலுப்பை!

பயமும் உண்டு. தகடூர் அதியமானின் மகன் பொகுட்டெழினியை ஔவையார் பாடும்போது, உமணர் வண்டிக்கு அடியில் கட்டி வைக்கும் மாற்று அச்சுக்கு அவனை ஒப்பிடுகிறார். மாடு இளசு, பாரம் அதிகம், வழி மேடோ பள்ளமோ தெரியாது. அச்சு முறிந்தால் காட்டில் நிற்க வேண்டியதுதான். அதனால் இன்னொன்று தயாராக இருக்கும். நம் காரில் ஸ்டெப்னி டயர் வைக்கிறோமே, அதே யோசனை. தகடூர் என்பது இன்றைய தருமபுரி. நமக்குப் பக்கத்து வீடு.

என் மனதை அறுப்பது புறநானூற்றில் வரும் இன்னொரு காட்சி. நொண்டியாகிவிட்ட ஒரு எருதை உமணர் ஆளில்லாத இடத்தில் விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். புல்லும் இல்லை, தண்ணீரும் இல்லை. புலவர் அதை ஒரு வீரனுக்கு உவமையாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்து திரும்பிப் பார்த்துக்கொண்டே போன பிள்ளை ஒன்று இருந்திருக்காதா? அதைப் பற்றிப் பாட்டில் ஒரு சொல்லும் இல்லை.

இந்தப் பயணம் எத்தனை நாள்? ஒரு வகுப்புக் கணக்குப் போடுவோம். 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பு அள்ளப் போன பாதயாத்திரை ஏறக்குறைய 240 கிலோமீட்டர். ஏப்ரல் 13இல் கிளம்பி 28இல் சேர்ந்தார்கள். ஒரு நாளைக்கு 16 கிலோமீட்டர் வருகிறது. உப்புப் பாரம் ஏற்றிய வண்டியும் அதைவிட ரொம்ப வேகமாகப் போகாது. திருச்சியிலிருந்து கோவை இன்னும் 200 கிலோமீட்டருக்கு மேல். ஆக, வேதாரண்யத்து உப்பு அதே நடையில் கோவைக்கு வர ஒரு மாதம் ஆகும். திரும்பிப் போக இன்னொரு மாதம். வருடத்துக்கு எத்தனை நடை போயிருப்பார்கள் என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். அந்தப் பிள்ளைக்குத் திண்ணைப் பள்ளிக்கூடம் எங்கே, எப்போது?

வழிப்பறிப் பயம் நம் பக்கத்திலும் நெடுநாள் இருந்தது. கொடுங்கோளூரில் சேரமான் பெருமாள் கொடுத்த பொன்னோடு கொங்கு வழியாகத் திரும்பிய சுந்தரரை, அவினாசிக்குப் பக்கத்தில் திருமுருகன்பூண்டியில் வேடர் மறித்த கதை உங்களுக்குத் தெரியும். இறைவனே பூதங்களை வேடராக அனுப்பினார் என்பது புராணம். வழியில் பறிகொடுப்பது சாதாரணமாக நடந்தால்தானே அப்படி ஒரு கதை நிற்கும்?

இதற்குப் பின்னால் நடந்ததுதான் நம் பாடப்புத்தகத்தில் சரியாக வராத பகுதி.

வண்டியும் பொதிமாடுமாக உப்பு வருவது வெள்ளைக்காரன் காலத்திலும் தொடர்ந்தது. உப்புக் குறவர், லம்பாடி போன்றவர்கள் மாட்டின்மேலும் கழுதைமேலும் பொதி ஏற்றி, பெண்டு பிள்ளைகளோடு ஊர் ஊராகத் தங்கி, உப்பைக் கொடுத்துத் தானியம் வாங்கினார்கள். பழைய உமணரின் வாரிசுகள் இவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. தொழிலும் வாழ்க்கை முறையும் ஒன்று, அவ்வளவுதான். 1805இல் கம்பெனி சென்னை மாகாணத்து உப்பைத் தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. 1862இல் சென்னையிலிருந்து போத்தனூர் வழியாக மேற்குக் கரையின் பேப்பூர் வரை ரயில் ஓடத் தொடங்கியது. ஒரு மாதம் நடந்து வந்த உப்பு ஒன்றிரண்டு நாளில் வந்து இறங்கியது. நடந்தவர்களுக்கு வேலை போயிற்று.

வேலை போனது மட்டும் என்றால் பரவாயில்லை. குற்றப் பரம்பரைச் சட்டம் 1871இல் வட இந்தியாவில் வந்து, 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஓரிடத்தில் தங்காமல் திரிகிறவர்கள் என்பதே சந்தேகத்துக்குக் காரணமாயிற்று. குறவர் சமூகத்தின் பல பிரிவினர் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். கைரேகை, ஆஜர், அனுமதிச் சீட்டு எல்லாம் வந்தன. அதைவிடக் கொடுமை, பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துத் தனிப் பள்ளிகளில் வைக்கும் அதிகாரத்தையும் அந்தச் சட்டம் அரசுக்குக் கொடுத்தது. நம் வீட்டு உலைக்கு உப்புக் கொண்டு வந்தவர்களின் பிள்ளைகள், பிறக்கும்போதே குற்றவாளி. சென்னை மாகாணத்தில் இந்தச் சட்டம் 1947இல் நீங்கியது, நாடு முழுவதும் 1952இல். சீர்மரபினர் என்ற சொல் அரசு ஆணைகளில் இருப்பது அதன் மிச்சம்.

ஆசிரியராக இருந்த எனக்கு இதில் ஒரு முள் உண்டு. அந்தக் காலத்தில் நடமாடும் பிள்ளையைப் பிடித்து அடைப்பதற்குப் பள்ளிக்கூடம் என்று பெயர் வைத்தார்கள். நம் காலத்தில் நடமாடும் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் இடமே இல்லாமல் போகிறது.

ஒரு வருடம் நான்காம் வகுப்பில், ஆட்டுக் கிடையோடு வந்த ஒரு பையன் இரண்டு மாதம் என்னிடம் படித்தான். எழுத்துக் கூட்டத் திணறுவான். ஆனால் வரைபடத்தில் வைகை எது, காவிரி எது என்று கேட்டால் சட்டென்று விரல் வைப்பான். இரண்டையும் காலால் கடந்தவன். எந்த ஊரில் எந்த மாதம் தண்ணீர் இருக்கும், எந்தப் புல்லைத் தின்றால் ஆட்டுக்கு வயிறு ஊதும் என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். தேர்வுத் தாளில் இதில் ஒன்றுக்கும் கேள்வி கிடையாது. கிடை கிளம்பியது, அவனும் போனான். வருகைப் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே ஒரு சிவப்புக் கோடு மட்டும் மிஞ்சியது.

இன்றைக்கு நம் திருப்பூரிலும் கோவையிலும் மில், செங்கல் சூளை, கட்டட வேலை என்று ஒடிசா, பீகாரிலிருந்து அப்பா அம்மாவோடு வந்திருக்கும் பிள்ளைகள் எத்தனையோ பேர். உங்களில் சிலர் கம்பெனி வைத்திருக்கிறீர்கள், சிலர் என்னைப் போலவே ஆசிரியர்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன். 2009இன் கல்வி உரிமைச் சட்டப்படி 6 முதல் 14 வயதுப் பிள்ளை எந்த மாதத்தில் வந்தாலும் சேர்க்க வேண்டும். டி.சி. வரவில்லை, பிறப்புச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. இது அந்தப் பெற்றோருக்குத் தெரியாது, மொழியும் தெரியாது. உங்களுக்கு இரண்டும் தெரியும். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் உங்கள் கம்பெனி லைன் வீட்டில் பகல் நேரத்தில் ஒரு பிள்ளை சும்மா நின்றால், கையைப் பிடித்து அருகிலுள்ள அரசுப் பள்ளிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், கண்ணுகளா. அரை நாள் வேலைதான்.

உங்கள் வீட்டு அப்புச்சியோ அமுச்சியோ உப்பு வண்டி, பொதி மாடு பற்றி ஏதாவது சொல்லிக் கேட்டிருந்தால் ஊர்ப் பெயரோடு எழுதுங்கள். நோட்டில் சேர்த்து வைக்கிறேன். வெயில் கடுமையாக இருக்கிறது, பிள்ளைகளுக்கு மோர் நிறையக் கொடுங்கள், உப்புப் போட்டு.