செவேசோவின் 305 பெண்கள்: டையாக்சினும் கருப்பை அகப்படலமும்

சுற்றுச்சூழல் மாசு கருப்பையின் அகப்படலத்தைக் கெடுக்கிறதா என்ற கேள்விக்கு, ஆய்வுலகம் பெரும்பாலும் நோயாளிகளை எண்ணியே விடை தேடியிருக்கிறது. அகப்படலத் திசு கருப்பைக்கு வெளியே வேரூன்றும் எண்டோமெட்ரியோசிஸ் எத்தனை பேருக்கு வந்தது என்பதே அதன் அளவுகோல். டையாக்சினைப் பொறுத்தவரை இந்த அளவுகோல் போதாது என்பதே என் வாதம்.

1976 ஜூலை 10 அன்று, மிலான் நகருக்கு வடக்கே மெடாவில் இயங்கிய இக்மேசா ஆலையின் கலன் ஒன்று கட்டுமீறிச் சூடேறியது. டையாக்சின்களில் மிகக் கொடிய டி.சி.டி.டி. வெளியேறி, அருகிலிருந்த செவேசோவின்மேல் படிந்தது. அக்காலத்தில் எடுத்த இரத்தத்தை உறையவைத்துப் பாதுகாத்திருந்தார்கள். அதனால் ஒவ்வொரு பெண்ணின் உடலிலும் ஏறிய நஞ்சைப் பல ஆண்டுகளுக்குப் பிறகும் அளக்க முடிந்தது. பிரெண்டா எஸ்கெனாசி குழுவினர் 2002-இல் முடிவை வெளியிட்டார்கள். 601 பெண்களில் 19 பேருக்கு நோய். இரத்தக் கொழுப்பில் டிரில்லியனுக்கு 100 பங்குக்கு மேல் நஞ்சு இருந்தவர்களுக்கு, 20 பங்கு வரை இருந்தவர்களைவிட ஆபத்து ஏறத்தாழ இரு மடங்கு. ஆனால் நம்பக இடைவெளி 0.5 முதல் 8.0 வரை விரிந்தது; தொடர்பு நிறுவப்படவில்லை.

இந்த முடிவை டையாக்சினுக்கான நற்சான்றாகப் படிப்பது பிழை. நோயற்றவர்கள் என்று துணிந்து சொல்ல முடிந்தது 277 பேரை மட்டுமே. எஞ்சிய 305 பேர், அதாவது பாதிக்கும் மேற்பட்டவர்கள், எந்தப் பக்கமும் சேர்க்க முடியாதவர்கள். வயிற்றைத் துளைத்து உள்ளே பார்க்கும் லேப்ராஸ்கோப்பி இல்லாமல் இந்நோயைத் திட்டமாக மறுக்க இயலாது. ஆய்வுக்காக மட்டும் ஒரு பெண்ணின் வயிற்றைத் துளைப்பதும் அறமாகாது. குறை ஆய்வாளர்களுடையது அன்று, அளவுகோலுடையது.

குரங்குகளிடம் அந்தத் தடை இல்லை. ஷெர்ரி ரியர் குழுவினர் 1993-இல் வெளியிட்ட ஆய்வில், ரீசஸ் குரங்குகளின் தீனியில் டிரில்லியனுக்கு 5 அல்லது 25 பங்கு டையாக்சின் நான்கு ஆண்டுகள் கலக்கப்பட்டிருந்தது. அதை நிறுத்திப் பத்தாண்டு கழித்துப் பார்த்தபோது, குறைந்த அளவு உண்டவற்றில் 71 விழுக்காட்டுக்கும், மிகுதியாக உண்டவற்றில் 86 விழுக்காட்டுக்கும், உண்ணாதவற்றில் 33 விழுக்காட்டுக்கும் நோய் இருந்தது. எண்ணிக்கை சிறிதுதான். ஆயினும் நஞ்சு நின்று இத்தனை காலம் சென்றும் வேறுபாடு நீடித்ததை எளிதில் தள்ளிவிட முடியாது.

காரணத்தைத் திசுவிலேயே தேடவேண்டும். மாதச் சுழற்சியின் பிற்பாதியில் புரோஜெஸ்டிரோன் உயர்ந்து, இணைப்புத் திசுவை அரிக்கும் நொதிகளை அடக்கிவைக்கிறது. அது தாழும்போது நொதிகள் விடுபட, படலம் உதிர்கிறது. டையாக்சினில் வைத்து வளர்த்த மனித அகப்படலத்தில் அந்த அடக்குதல் தளர்கிறது. ஹார்மோன் இருக்கிறது, படலம் அதன் சொல்லைக் கேட்பதில்லை. இந்தச் செவிட்டுத்தன்மை, கட்டியோ ஒட்டுதலோ கண்ணுக்குத் தெரியுமுன்பே தொடங்கக்கூடியது. நோயாளிகளை மட்டும் எண்ணும் ஆய்வு இதைத் தவறவிடும்.

இது இத்தாலியோடு முடியும் செய்தியன்று. சென்னை பெருங்குடிக் குப்பைமேட்டை அண்டி வாழ்ந்த தாய்மாரின் பாலில் டையாக்சின் வகைச் சேர்மங்கள் மிகுந்திருந்ததை 2004-இல் வெளியான ஆய்வொன்று காட்டியது; அங்கே மேய்ந்த மாடுகளின் பாலை அது ஒரு வழியாகச் சுட்டியது. எரியும் குப்பை, மாடு, பால், தாய் என நாள்தோறும் சிறிது சிறிதாக ஏறும் இந்த நஞ்சு, செவேசோவின் ஒருநாள் விபத்தைவிட அந்தக் குரங்குகளின் தீனியையே ஒத்தது. குழந்தையின்மைச் சிகிச்சையின்போது அகப்படலத் துணுக்குகள் எடுக்கப்படுவதுண்டு. பெண்களின் ஒப்புதலோடு, அவை புரோஜெஸ்டிரோனுக்கு எப்படி எதிர்வினை தருகின்றன என்பதையும் இரத்த டையாக்சினையும் சேர்த்து அளக்கலாம். அதற்குப் புதிதாக யார் வயிற்றையும் துளைக்க வேண்டியதில்லை.