அரபு மொழிச் சோதனைகள் (செயற்கை நுண்ணறிவு)

செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரிகளின் அரபு அறிவை அளக்கும் முயற்சி அண்மைக்கால வரலாறு உடையது. பெய்ரூட் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தினர் 2020இல் அராபெர்ட் மாதிரியை வெளியிட்டனர். அடுத்த ஆண்டில் 8 பணிகள் கொண்ட பொதுச் சோதனைத் தொகுப்பு ஒன்று வந்தது.

அரபு எழுத்தே முதல் இடர். அன்றாட எழுத்தில் குறில் உயிர்க்குறிகள் இடப்படுவதில்லை. ‘க-த-ப’ என்னும் ஒரே மூன்றெழுத்தைக் கதப (எழுதினான்), குதிப (எழுதப்பட்டது), குதுப் (நூல்கள்) என இடம்நோக்கியே படிக்க வேண்டும். எழுத்து வழக்கிலிருந்து மொராக்கோ, எகிப்துப் பேச்சு வழக்குகள் விலகி நிற்பது இன்னொரு சிக்கல்; தமிழருக்கு இது புதிதன்று.

பெரிய மாதிரிகள் வந்தபின், ஆங்கிலத்தில் 2020இல் உருவான, 57 பாடங்கள் கொண்ட எம்எம்எல்யு வினாத்தொகுப்பு அரபில் மொழிபெயர்க்கப்பட்டது. அமெரிக்க வரலாறும் அமெரிக்கச் சட்டமும் அதில் இருந்தன. இவற்றை அரபில் கேட்பதால் அரபு உலகைப் பற்றிய அறிவு வெளிப்படாது.

இக்குறையைப் போக்க 2024இல் அரபிக் எம்எம்எல்யு வெளியானது. அபுதாபியின் முகமது பின் சயீத் செயற்கை நுண்ணறிவுப் பல்கலைக்கழகத்தினரும் பிறரும் வட ஆப்பிரிக்கா முதல் வளைகுடா வரையுள்ள நாடுகளின் பள்ளித் தேர்வுகளிலிருந்து 14,575 பலவுள் தெரிவு வினாக்களைத் திரட்டினர். 35 மாதிரிகள் தேர்வெழுதின. லாமா-2, பால்கன் போன்றவை 50 விழுக்காட்டை எட்டவே திணறின. அரபுக்கென உருவானவற்றில் முதலிடம் பெற்ற, ஜெபல் ஜைஸ் மலையின் பெயர் தாங்கிய ஜைஸ் மாதிரி 62.3 விழுக்காடு பெற்றது. பொது மாதிரியான ஜிபிடி-4 அதையும் முந்தியது. வினாக்கள் யாவும் எழுத்து வழக்கிலேயே இருந்தன; கெய்ரோ தெருவின் பேச்சு இத்தேர்வில் இடம்பெறவில்லை.